எதிர் வீட்டு ஆறாயிரத்து எண்ணூறு

சனிக்கிழமைகளில் மத்தியானம் ஒன்றரை மணியளவில் எங்கள் தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் ஒரு விசாரணை நடக்கும். நீதிபதி என் கணவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். குற்றவாளி நான். சாட்சி எதிர் வீட்டுக்காரி. நாங்கள் இரண்டு பேரும் சந்தையிலிருந்து பைகளைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேருவோம். இவர் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார். அவளைப் பார்த்துத்தான் கேட்பார்.

"பிள்ளை, இந்தக் கிழமை எவ்வளவு முடிஞ்சுது?"

"ஆறாயிரத்து எண்ணூறு அண்ணை."

"கேட்டீரோ?" இது எனக்கு.

கேட்டேன். என் பையில் இருந்தது பதின்மூவாயிரத்து நானூறு ரூபாய்ச் சாமான். அந்த வீட்டில் அவளும் இரண்டு பிள்ளைகளும், மூன்று பேர். எங்கள் வீட்டில் இவரும் நானும் கம்பஸுக்குப் போகும் மகளும், மூன்று பேர். வாயை எண்ணினால் சமம். பையை எண்ணினால் ஏணி வைத்தாலும் எட்டாது.

எனக்கு அவள்மேல் பொறாமை. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள், முப்பத்தைந்துகூட ஆகாத ஒருத்தியின் மரக்கறிப் பையைப் பார்த்து வயிறெரிவது அழகான காரியமில்லை. ஆனால் எரிந்தது. மற்றவர்களின் நகைக்கோ சேலைக்கோ நான் பொறாமைப்பட்டதில்லை. என் கணவருக்கு அவை கண்ணிலேயே படாது. அவர் மதிக்கும் ஒரே விஷயம் சிக்கனம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று தாலி கட்டிய மறுநாளே எனக்குச் சொன்ன மனிதர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்கு வீடு மட்டும்தான் அவருக்கு மிச்சம். முப்பது வருடத்தில் அவர் வாயால் நான் வாங்கிய புகழெல்லாம் "இவ செலவாளி இல்லை" என்ற மூன்று சொல்தான். அதையும் சொந்தக்காரர் முன்னால் மட்டும்தான் சொல்லுவார். அந்த மூன்று சொல்லும் என் கண் முன்னாலேயே எதிர் வாசலுக்குக் குடிபோய்விட்டன. அவற்றைத் திரும்ப என் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு அப்போது இருந்த கவலை அது ஒன்றுதான்.

டொலர் ஏறிய காலத்தில் சமையல் காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை என்று கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை முழுவதும் நின்றது. பிறகு வரிசைகள் கலைந்து வீட்டுக்குப் போயின, விலைகள் போகவில்லை. நான் அதுவரை காலி வீதியில் ஒரு பெரிய குளிரூட்டிய கடையில்தான் சாமான் வாங்கினேன். அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் கை தானாக நீளும். எதற்கு எடுத்தோம் என்று தெரியாத ஒரு சோஸ் போத்தல் எப்போதும் வண்டிக்குள் இருக்கும்.

அந்த நாட்களில்தான் அவள் எதிர் வீட்டுக்கு வாடகைக்கு வந்தாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் கிடைத்ததால் இங்கே வந்திருந்தாள். கணவர் கட்டாரில் வேலை. மாலையில் ஐந்தாறு சின்னப் பிள்ளைகளை முன்னறையில் இருத்திப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். வந்த முதல் வாரமே என் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தப் போஞ்சிக்கு இவ்வளவு குடுத்தனீங்களோ?" என்று கேட்டாள். குத்திக் காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே என்மேல் இரக்கப்பட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"சனிக்கிழமை என்னோட வாங்கோ. எங்கட கொட்டாஞ்சேனைச் சந்தைக்குப் போவம்" என்றாள். இவர் உள்ளே இருந்தே "போம், போம்" என்றார். போனேன்.

அவளிடம் கற்றுக்கொண்டது நிறைய. அதை மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும். சந்தைக்குள் நுழைந்ததும் வாங்கக் கூடாது, முதலில் ஒரு சுற்று வெறுங்கையோடு நடக்க வேண்டும். முழுப் பூசணி வாங்குகிறவள் ஏமாளி, கீறு வாங்க வேண்டும். லீக்ஸில் பச்சைத் தாளை வெட்டி எறியக் கூடாது, அதுதான் அடுத்த நாள் வறை. தூளைப் பக்கற்றில் வாங்காமல் செத்தல் மிளகாயும் கொத்தமல்லியும் வாங்கி மில்லில் திரித்தால் இரண்டு மாதத்துக்கு ஓடும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மட்டும் போதாது. முதற்பாலைக் குழம்புக்கும் இரண்டாம் பாலைச் சொதிக்கும் எடுத்தபிறகு பிழிந்த பூவை உளுத்தம்மாவோடு வறுத்து வைக்கலாம். மீனைப் பதினொரு மணிக்கு விலை மட்டும் கேட்க வேண்டும்; ஐஸ் கரைந்து கடைக்காரனின் முகமும் கரைந்த பிறகு, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் வாங்க வேண்டும். விலை கூடிய அறக்குளா, பாரை பக்கம் கண்ணே போகக் கூடாது. சாளையும் கீரியும் போதும். "அய்யே, டிக்கக் அடு கரன்ன" என்று அவள் சிங்களத்தில் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினால் ஐம்பது ரூபாய் குறையும். அதே சொற்களை நான் சொன்னால் அவன் என் கழுத்துச் சங்கிலியைப் பார்ப்பான்.

இப்படி எல்லாம் செய்து என் பதினாறாயிரம் பதின்மூன்றுக்கு வந்தது. ஒருமுறை பன்னிரண்டைத் தொட்டது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. அவளோ ஆறு, ஆறரை, ஆறாயிரத்து எண்ணூறு என்று அங்கேயே நின்றாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரிந்த பிறகும் அவளுக்கு மட்டும் எப்படி முடிகிறது என்பது விளங்கவில்லை.

இதற்கு மேல் அவளுக்குப் பக்தியும் இருந்தது.

சந்தை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும் வழியில் ஒரு தேநீர்க் கடை உண்டு. நான் ஒரு பிளேன்ரீயும் இரண்டு உளுந்து வடையும் எடுப்பேன். அவள் எடுக்கமாட்டாள். "இண்டைக்கு விரதம் அக்கா" என்பாள். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, நான் மென்று முடிக்கும் வரைக்கும் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். எங்கள் நாள்காட்டியில் விரதத்துக்குப் பஞ்சமில்லை. வெள்ளியும் செவ்வாயும் இருக்கின்றன. சதுர்த்தி, சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம், கார்த்திகை, பூரணை, அமாவாசை என்று மாதம் முழுவதும் வரும். ஆவணி ஞாயிறு, புரட்டாதிச் சனி, பங்குனித் திங்கள் வேறு. ஒரு பெண் விரதம் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். கேட்பது பாவம். சாப்பிடு என்று வற்புறுத்துவது அதைவிடப் பாவம்.

ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக வந்தது என்று ஒரு கிண்ணத்தில் ஊற்றி எதிர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உண்மையைச் சொன்னால், அவள் சமைக்காத ஒன்றை நான் சமைத்தேன் என்று காட்டத்தான் போனேன். "விரதம் அக்கா. பிள்ளையளும் இப்பதான் சாப்பிட்டவை" என்று கிண்ணத்தைத் தொடாமலே சொன்னாள். என் குழம்பு அவளுக்கு இளப்பம் என்று எடுத்துக்கொண்டேன்.

"அந்தப் பிள்ளையைப் பாரும், விரதமும் பிடிச்சு, வீட்டையும் பாக்குது. அதுதான் உடம்பும் மெல்லிசா இருக்கு" என்றார் இவர், நான் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து. எனக்குச் சீனி வருத்தம். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். டொக்டர் விரதமே பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இவருக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னார். நானும் வீம்புக்கு ஒரு பிரதோஷத்துக்குப் பட்டினி கிடந்தேன். பின்னேரம் மூன்று மணிக்குக் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்று, கையில் அகப்பட்ட ஜாம் போத்தலைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தபோது மகள் பார்த்துவிட்டாள். கடவுளும் எதிர் வீட்டுக்காரியின் கட்சிதான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பிறகு ஒரு யோசனை வந்தது. அடுத்த சனிக்கிழமை சந்தையில் அவள் பின்னாலேயே நடந்து, அவள் வாங்கியதை அவள் வாங்கிய அளவிலேயே நானும் வாங்கினேன். மூன்று கிலோ அரிசி. அரைக் கிலோ பருப்பு. மூன்று தேங்காய். ஆறு முட்டை. அரைக் கிலோ சாளை. ஒரு சிறங்கை நெத்தலி. பொன்னாங்காணி இரண்டு கட்டு, பூசணி ஒரு கீறு, வெங்காயம், ஒரு பால்மாப் பக்கற், கொஞ்சம் மா, சீனி, தேயிலை. அவளுக்கு நான் செய்வது தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு அது காணுமே அக்கா?" என்றாள். "உமக்குக் காணுமெண்டால் எனக்கேன் காணாது?" என்றேன். அவள் அடுத்த கடைக்கு நடந்தாள்.

அன்றைய விசாரணையில் நான் விடுதலை ஆனேன். "பாத்தீரோ, மனம் வச்சால் ஏலும்" என்றார் இவர். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! இரவு தானாகவே எழுந்து வந்து கோப்பைகளைக் கழுவினார். எனக்குச் சந்தோஷத்தில் நித்திரை வரவில்லை.

புதன்கிழமை அரிசிப் பேணியின் அடி தெரிந்தது. "அம்மா, சோறு காணேல்லை" என்றாள் மகள். இவர் தட்டை வழித்த விதத்திலும் அது தெரிந்தது. பின்னேரம் இவர் கடற்கரைப் பக்கம் நடக்கப் போன நேரத்தில் நான் மூலைக்கடைக்கு ஓடி இரண்டு கிலோ அரிசியும் பருப்பும் முட்டையும் வாங்கி, பையை மகளின் அலுமாரிக்குள் ஒளித்துவைத்தேன். அந்த வாரத்தை அப்படித்தான் ஒப்பேற்றினேன்.

அந்தச் சாமான் மூன்று பேருக்குப் போதாது. இரண்டு பேருக்குக் காணும். இது என் கையால் சமைத்து, என் கையால் அளந்து பார்த்த கணக்கு. அதற்கு மேல் ஒரு அடி யோசித்திருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். ஆனால் தன்னைப் போலப் பிறரையும் நினை என்பார்களே, நான் அப்படியே நினைத்தேன். நான் களவாக வாங்கினேன், ஆகவே அவளும் களவாக வாங்குகிறாள். சனிக்கிழமை எல்லோரும் பார்க்க ஆறாயிரத்து எண்ணூறுக்கு வாங்கி என் கணவரிடம் நல்ல பெயர் எடுக்கிறாள், மிச்சத்தை யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து இறக்குகிறாள். விரதமும் இந்த நாடகத்தில் ஒரு பகுதிதான். இப்படி நினைத்ததும் மனதுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது.

கதவில் உள்ள கண்ணாடித் துளையால் இரண்டு வாரம் பார்த்தேன். பை எதுவும் வரவில்லை. சரி, கெட்டிக்காரி என்று நினைத்தேன். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்தேன். எங்கள் ஆட்களுக்குப் பஞ்சாங்கம் இரண்டு, வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. சில விரதங்கள் ஒன்றுக்கொன்று ஒரு நாள் முன்பின்னாக வரும். வீட்டில் இருந்தது வாக்கியம். திருக்கணிதத்தைக் காலி வீதியில் ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கினேன். அந்தக் காசுக்கு மூன்று தேங்காய் வாங்கியிருக்கலாம். அவள் விரதம் என்று சொன்ன நாட்களை நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வந்தேன். மூன்று வாரத்தில் பதினொரு நாள். அதில் ஐந்துதான் பஞ்சாங்கத்தில் இருந்தது. மிச்ச ஆறு நாளும் இந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை, அந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சந்தையால் வந்தோம். இவர் வாசலில் நின்றார். மூன்றாம் மாடிப் பெண்கள் இரண்டு பேர் கலியாண வீட்டுக்குப் பட்டுச்சேலையோடு இறங்கி வந்தவர்கள், லிஃப்ட் வராததால் எங்கள் மாடியில் நின்றார்கள். எனக்கு அதைவிட நல்ல சபை வாய்த்திருக்காது.

"பிள்ளை, இந்தக் கிழமை எவ்வளவு?"

"ஏழாயிரத்து நூறு அண்ணை. தேங்காய் ஏறிப்போச்சு" என்று அவள் ஒரு குற்றம் செய்தவள் போலச் சொன்னாள்.

"தங்கச்சி, தேத்தண்ணிக் கடையில இண்டைக்கும் விரதம் எண்டனீர், என்ன?" என்றேன் நான்.

"ஓம் அக்கா."

"என்ன விரதம்?"

அவள் என்னைப் பார்த்தாள். "எங்கட பஞ்சாங்கம் வேற அக்கா."

"ரெண்டு பஞ்சாங்கமும் பாத்திட்டன். ரெண்டிலயும் இண்டைக்கு ஒண்டும் இல்லை. போன வியாழனும் இல்லை, அதுக்கு முதல் புதனும் இல்லை. அதை விடும். மூண்டு கிலோ அரிசியில மூண்டு பேர் ஒரு கிழமை சாப்பிடேலாது. நான் செய்து பாத்தனான், புதன்கிழமை முடிஞ்சுது. மிச்ச அரிசி எங்க இருந்து வருது எண்டு இவருக்கும் ஒருக்காச் சொல்லுமன்."

அவள் பையை மெதுவாகக் கீழே வைத்தாள். முட்டை இருந்ததால் மெதுவாக வைத்தாள்.

"வரேல்லை அக்கா" என்றாள்.

"என்ன வரேல்லை?"

"மிச்ச அரிசி வரேல்லை. மூண்டு கிலோ ரெண்டு பேருக்குக் காணும். பிள்ளையள் ரெண்டு பேர்தானே."

லிஃப்ட் வந்து திறந்தது. யாரும் ஏறவில்லை. அது தானாக மூடிக்கொண்டு போய்விட்டது.

"அவருக்கு அங்க ஏழு மாசமாச் சம்பளம் குடுக்கேல்லை" என்று அவள் என்னைப் பார்த்தே சொன்னாள். "ஒரு வருச வாடகையை முன்பணமாக் கட்டினபடியால் இருக்கிறம். மற்றது டியூஷன் காசுதான். உங்கட கிண்ணத்தை வாங்கினா வெறுங்கிண்ணமாத் திருப்பித் தரேலாது, போட்டுத் தர என்னட்ட ஒண்டும் இருக்கேல்லை. பசியா இருக்கிறன் எண்டு ஆருக்குப் போய்ச் சொல்லுறது? விரதம் எண்டால் ஒருதரும் ஒண்டும் கேக்கமாட்டினம்." பையை எடுக்கக் குனிந்தாள். "நீங்கள் கேட்டுட்டீங்கள்."

பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல் சாத்தினாள்.

இவர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பின்னேரம் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனவர் ஐந்து கிலோ சம்பா அரிசியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து எதிர் வாசலில் இறக்கினார். விலையே கேட்காமல் வாங்கினாராம். முப்பது வருடத்தில் எனக்காக இவர் விலை கேட்காமல் வாங்கிய பொருள் எதுவும் இல்லை. இவ்வளவு நடந்த பிறகும் எனக்கு அதுதான் மனதில் பட்டது. என் மனம் அப்படிப்பட்டது, என்ன செய்வது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. கலியாண வீடு முடிவதற்குள் தொடர்மாடி முழுவதும் தெரிந்துவிட்டது. மேல் மாடிகளிலிருந்து சோறும் கறியும் இறங்கத் தொடங்கின. அவளால் இனி விரதம் என்று சொல்ல முடியாது. அதை நான் எடுத்துவிட்டேன். வாங்கினாள். வாங்கிய ஒவ்வொரு கிண்ணமும் அடுத்த நாள் கழுவித் துடைத்து, உள்ளே ஒரு முட்டையோ ஒரு பிடி சீனியோ வைத்துத் திரும்பிப் போனது. நாங்கள் எல்லோரும் அவளுக்கு உதவி செய்தோம். அந்த உதவிக்கு அவள் பிள்ளைகளின் சாமான்தான் செலவானது.

நானும் கொண்டுபோனேன். மற்றவர்களைவிட அதிகமாகவே கொண்டுபோனேன். அதில் பச்சாத்தாபம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கூடவே ஒரு ருசியும் இருந்தது. என் கணவர் வாய் ஓயாமல் புகழ்ந்தவள் இப்போது என் தட்டை இரண்டு கையாலும் வாங்குகிறாள். கொடுக்கிறவள் நான்.

புரட்டாதி கடைசியில் கட்டாரில் அவள் கணவருக்கு நிலுவைச் சம்பளம் முழுவதும் கிடைத்தது. முதல் வேலையாக அவள் ஐந்து கிலோ சம்பாவை, அதே ரகத்தை, எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தாள். "அண்ணைக்குச் சொல்லுங்கோ" என்றாள். சனிக்கிழமைகளில் தனியாகச் சந்தைக்குப் போனாள். கதவுத் துளையால் பார்த்தேன், பைகள் கனத்திருந்தன. சனிக்கிழமைக் கேள்வியை இவர் அந்த ஆவணிச் சனியோடே நிறுத்திவிட்டார். நான் பதினோராயிரத்துக்குள் முடித்த வாரத்தில்கூட ஒரு சொல் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். "ம்" என்றார்.

அவளுக்கு வசதி திரும்பியது, பெயர் திரும்பவில்லை. மேல் மாடிக்காரர் நிறுத்தவில்லை. இரக்கம் காட்டிப் பழகியவர்களுக்கு அதை நிறுத்துவது லேசில்லை. ஒருநாள் காலையில் பள்ளிக்கூட வான் நிற்கும் இடத்தில், மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாம் மாடிப் பெண்களில் ஒருத்தி அவளுடைய மகளின் கையில் ஒரு சோற்றுப் பார்சலைக் கொடுத்து, "அம்மாக்குக் குடும், பாவம், சாப்பிட்டிருக்கமாட்டா" என்றாள். நான் பால்கனியில் நின்று கேட்டேன். அந்தச் சின்னப் பிள்ளை பார்சலைப் பிடிக்கவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் நின்றது.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் நான் இடியப்பமும் சொதியும் சம்பலும் செய்து ஒரு தட்டில் வைத்து எதிர்க் கதவைத் தட்டினேன். தலை முழுகி, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து திறந்தாள். உள்ளே சாமி படத்துக்கு விளக்கு எரிந்தது.

"சஷ்டி அக்கா" என்றாள். "ஆறு நாளும் பாலும் பழமும்தான். அவருக்குச் சம்பளம் வந்தால் பிடிக்கிறன் எண்டு நேர்ந்தனான்."

"ஓம், ஓம், தெரியும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. பொய் சொல்லும் சின்னப் பிள்ளையைத் தடவிக் கொடுக்கிற குரல். "ஒருதருக்கும் சொல்லமாட்டன். ஒரு வாய் சாப்பிடும்."

அவள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் அரிசிப் பேணியின் மூடியைத் திறந்து காட்டினாள். வாய்வரை இருந்தது. பக்கத்தில் பருப்புப் போத்தலும் நிறைந்திருந்தது, தேங்காய்கள் வரிசையாக இருந்தன. நம்புவதற்குத் தேவையானதைவிட அதிகமாகவே சான்று இருந்தது. ஆனால் அந்த நிறைந்த பேணி எனக்குப் பிடிக்கவில்லை. பாவப்பட்டவளாகவே அவள் இருந்திருக்கலாம் என்றுதான் அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. அதனால்தான் சொன்னேன்.

"அது பிள்ளையளுக்கு இருக்கட்டும். நீர் இதைச் சாப்பிடும்."

அவள் தட்டை வாங்கினாள். ஒரு இடியப்பத்தைப் பிய்த்து, சொதியில் தொட்டு, நின்றபடியே வாயில் வைத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினாள். பிள்ளைகள் அறை வாசலில் வந்து நின்று, அம்மா சாப்பிடுவதைப் பார்த்தார்கள்.

"சாப்பிட்டிட்டன் அக்கா" என்றாள். "மேல் வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கோ."

தட்டை என் கையில் திருப்பித் தந்தாள். இதுவரை நான் பொறாமைப்பட்டதெல்லாம் அவளிடம் இல்லாதவற்றுக்குத்தான். அவளிடம் உண்மையாக இருந்தது அந்த ஆறு நாள் விரதம் ஒன்றுதான். குழாயடியில் வாயைக் கொப்பளித்துவிட்டு அவள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். விழுந்து கும்பிடவில்லை, வெறுமனே நின்றாள். சஷ்டி முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது.